நூற்றி எண்பத்தேழாவது டப்பா

பாங்காக்குக்கு வெகுதூரம் வடகிழக்கே, நோங்கேவ் ஊரில் சேவல் கூவுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காலை ஆறு மணிக்கு ஊர்த்தலைவர் வீட்டுக் கம்பத்தில் ஒலிபெருக்கி கரகரத்தால்தான் ஊர் எழுந்திருக்கும். யார் செத்தார், என்றைக்குத் தண்ணீர் வராது, யாருடைய எருமையைக் காணோம், எல்லாம் அதில்தான் வரும். அன்றைக்கு வந்தது மலத்தைப் பற்றிய செய்தி.

“எல்லாருக்கும் வணக்கம். சுகாதாரத் தொண்டர் லம்துவான் பேசறேன். புழு சோதனைக்கு நம்ம ஊர்ல நூத்தி எண்பத்தேழு பேர் டப்பா தரணும். நேத்து சாயங்காலம் வரைக்கும் நூத்தி எண்பத்தாறு பேர் குடுத்துட்டாங்க. படுத்த படுக்கையா இருக்கற பெரியவர் கூட குடுத்துட்டார். குடுக்காதது ஒரே ஒரு ஆளு. வீட்டு எண் நாப்பத்தேழு. பேரு சவேங். என் புருஷன்.”

ஒலிபெருக்கி கொஞ்சம் இழுத்தது. பிறகு மறுபடியும் அதே குரல். “கேக்காதவங்களுக்காகத் திருப்பிச் சொல்றேன். வீட்டு எண் நாப்பத்தேழு.”

நாற்பத்தேழாம் எண் வீட்டின் படியில் உட்கார்ந்து காலில் துணியைச் சுற்றி ரப்பர் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டிருந்த சவேங், பூட்ஸுக்குள்ளேயே தலையையும் விட்டுக்கொள்ளலாமா என்று பார்த்தார். எதிர்வீட்டில் சிரிப்பு கேட்டது. பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, “அண்ணே, கஷ்டமா இருந்தா பப்பாளி தின்னுங்க, பட்டுனு வரும்” என்றான்.

கஷ்டம் அதுவல்ல. வருவதெல்லாம் தினமும் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதற்குள் என்ன இருக்கும் என்பதுதான் கஷ்டம்.

போன கோடையில் சுகாதார நிலையத்தார் விகாரை மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். பச்சை மீன் தின்றால் ஈரலில் புழு எப்படிக் குடியேறும் என்று படம். ஊரே பார்த்து முகம் சுளித்துவிட்டு, வீட்டுக்குப் போய் வழக்கம்போல் பச்சை மீன் தின்றது. லம்துவான் மட்டும் தின்னவில்லை. மறுநாளே தொண்டராகப் பேர் கொடுத்துவிட்டு, புருஷனை ஊர்க்காவல் தெய்வத்தின் குடிலுக்கு முன்னால் இழுத்துப்போய் நிறுத்தினாள்.

“இனிமே பச்சை மீன் கொய் தொட மாட்டேன்னு சொல்லு.”

“தொட மாட்டேன்.”

“உன் டப்பால ஒரு முட்டை தெரிஞ்சாலும் நான் என் உரலைத் தூக்கிக்கிட்டு உதோன்ல இருக்கற அக்கா வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வர மாட்டேன். சாமி, கேட்டுக்க.”

இருபத்தாறு வருஷத்தில் லம்துவான் எத்தனையோ தடவை போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் உரலோடு போவேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அது அவள் அம்மா வீட்டிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த மண் உரல். அதில் அவள் மிளகாய் இடித்தால் ஒட்டரிசிச் சோற்றை வெறுமனே உருட்டி அதில் தொட்டே ஒரு கூடையைக் காலிசெய்யலாம். பெண்டாட்டி போனால் வீடு காலி. உரலும் போனால் வயிறும் காலி. சவேங்குக்கு அன்றைக்கு முதுகு சில்லிட்டது.

சில்லிட்ட முதுகு பத்து நாளில் சரியாகிவிட்டது. குளத்தங்கரைக் குடிசையில் கூட்டாளி கம்மூன் ஒரு மதியம் வெள்ளைக்கெண்டையைப் பொடிப்பொடியாகக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, வறுத்த அரிசிப் பொடியும் மிளகாய்த் தூளும் புதினாவும் போட்டுப் பிசைந்து, அடுப்பின் பக்கமே காட்டாமல் முன்னால் வைத்தான். நாளெல்லாம் கடப்பாரை பிடித்த கை அது. தானாகவே போய் ஒரு கவளம் எடுத்துவிட்டது. அதிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை. சில வாரம் இரண்டு. இதுதான் கொய், இதில்தான் புழு.

*

சவேங்குக்கு அந்த வருஷம் கூலி வேலை ஊருக்கு மேற்கே குன்றுச் சரிவில். பாங்காக்கில் மேம்பாலத்துக்குக் குழி தோண்டியிருக்கிறார், ரயோங்கில் குழாய்க்குப் பள்ளம் வெட்டியிருக்கிறார். ஆனால் ஒரு படித்த பெண்மணி கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, “மெதுவா மாமா, மெதுவா, உடைஞ்சிரும்” என்று பதறுகிற குழியை அவர் அதற்கு முன் வெட்டியதில்லை. பதறியது பல்கலைக்கழகத்து ஆசான் பிம்பா. அவர் பதறியது தங்கத்துக்காக இல்லை. சாணிக்காக.

முதல் நாள் அதைக் கேட்டபோது சவேங் நம்பவில்லை. முழங்கை நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் உருளையாக ஒரு கல். ஒரு முனை கூராக இருந்தது. நதியில் உருண்ட கல் என்றுதான் அவர் தூர எறியப் போனார்.

“ஐயோ மாமா! அது இருபது கோடி வருஷத்துப் பழசு!”

“என்னது இது?”

“கல்லாய்ப் போன எச்சம். இங்க அப்பல்லாம் பெரிய குட்டை இருந்துச்சு. அதுல முதலை மாதிரி ஒரு பிராணி. முதலைக்குத் தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கங்க. அது போட்டது.”

சவேங் கையிலிருந்ததைப் பார்த்தார். மோந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். இருபது கோடி வருஷமானாலும் ஒரு மரியாதை இருக்கிறது அல்லவா.

ஆசான் அந்தக் கல்லின் பாதியை மெல்லிய சில்லுகளாக அறுத்தார். வேறு சில துண்டுகளைப் புளித்த நீர் மாதிரி எதிலோ போட்டு ஊறவைத்தார். அது நுரைத்துப் பொங்கிக் கூழாகும். அதை வடிகட்டிப் பார்த்தால் அந்தப் பிராணி தின்ற மீனின் செதில் கிடைக்குமாம். பளபளவென்று கறுப்பாக நாலைந்து செதில் கிடைத்தும் இருந்தன. உதிர்ந்த சில்லுகள் தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு குவியலாகக் கிடந்தன.

ஒலிபெருக்கியில் பேர் வந்த அன்றைக்கு மதியம் எல்லோரும் நிழலில் சோறு உருட்டிக்கொண்டிருக்கும்போது சவேங் கேட்டார். “ஆசான், அந்தச் சாணிக்குள்ள உசுரோட ஏதாவது இருக்குமா?”

“இருபது கோடி வருஷம் மாமா. உள்ள இருந்தது எல்லாம் கல்லு. என்ன உசுரு?”

“புழு, பூச்சி?”

“ஒண்ணும் நெளியாது, பயப்படாதீங்க.”

“ஆனா அது சாணி தானே? சந்தேகமில்லையே?”

“சத்தியமா சாணிதான்” என்றார் ஆசான். அந்த வார்த்தை சவேங்கின் மனசுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. லம்துவான் கேட்பது என்ன? டப்பாவில் மலம். படித்தவரே சத்தியம் செய்து மலம் என்கிற ஒன்று, உள்ளே ஒன்றும் நெளியாத ஒன்று, கேட்பாரில்லாமல் தார்ப்பாய் ஓரத்தில் கிடக்கிறது.

சாயங்காலம் குவியலிலிருந்து ஒரு கைப்பிடிச் சில்லு அவருடைய சோற்றுக் கூடைக்குள் ஏறியது.

*

கம்மூனின் மாட்டுக் கொட்டகையில் மூன்று நாள் சமையல் நடந்தது.

முதல் நாள் சில்லுகளை அம்மிக்கல்லில் நுணுக்கி வினிகரில் ஊறப்போட்டார்கள். நுரைத்தது. இரண்டாம் நாள் வினிகரை வடித்துவிட்டுப் புது வினிகர். மூன்றாம் நாள் பார்த்தால் சாம்பல் நிறக் கூழ். கம்மூன் குச்சியால் கிளறிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“கலர் பத்தல அண்ணே. இது சீக்காளி கோழி போட்டது மாதிரி இருக்கு.”

“புளி போடு.”

புளி போட்டான். நிறம் வந்தது. “இப்ப பிடிப்பு இல்ல. ஓடுது.”

“கொஞ்சம் ஒட்டரிசி பிசை.”

பிசைந்தான். கைக்கு அடங்கியது. இரண்டு பேரும் தள்ளி நின்று பார்த்தார்கள். கடை அலமாரியில் வைத்தால் ஒருவேளை ஆள் வாங்கிப்போவான், அவ்வளவு லட்சணமாக இருந்தது.

“மணம்?” என்றான் கம்மூன்.

சவேங் குனிந்தார். வினிகரும் புளியும் மட்டும்தான் அடித்தது. ஊறுகாய் மாதிரி. இதை டப்பாவில் கொடுத்தால் சுகாதார நிலையத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வார்கள்.

கம்மூன் வீட்டுக்குள் போய், மூன்று வருஷம் புளித்த பிளாரா மீன்சாற்றை ஒரு கரண்டி கொண்டுவந்தான். அவன் பெண்டாட்டியின் பிளாரா ஜாடியைத் திறந்தால் பக்கத்து ஊர் நாய் குரைக்கும் என்று பேர். அரைக் கரண்டி விட்டதும் கொட்டகையில் இருந்த மாடு தலையைத் திருப்பிக்கொண்டது.

“போதும் போதும்” என்றார் சவேங் மூக்கைப் பொத்திக்கொண்டு. “நான் அவ்வளவு மோசம் இல்லடா.”

“அண்ணே, நான் உங்க பின்னால வரப்புல நடந்திருக்கேன்.”

மறுநாள் காலை அவர் டப்பாவை லம்துவான் கையில் கொடுத்தார். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பதினாலு வயசு எருமை கன்று போட்டதைப் பார்த்தது மாதிரி அவள் முகம் மலர்ந்தது. பேரும் வீட்டு எண்ணும் எழுதி ஒட்டினாள்.

“பயந்துகிட்டே இருந்தேன் நுய் அப்பா” என்றாள். ரயோங் தொழிற்சாலையில் இருக்கும் மகள் நுய்யின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று அர்த்தம். “திருட்டுத்தனமா தின்னுட்டுத்தான் நீ ஒளியறேன்னு நெனச்சேன். மன்னிச்சிரு.”

அன்றைக்கு அவள் ஒரு கோழி அடித்தாள். உரலில் மிளகாயும் பூண்டும் இடிபடும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. சவேங் தின்றார். கோழி நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது துண்டை நாய்க்குத்தான் போட்டார்.

*

ஐந்தாம் நாள் சுகாதார நிலையத்துத் தவாட் மோட்டார் சைக்கிளில் வந்தான். அவன் டாக்டர் இல்லை, நுண்ணோக்கியில் பார்ப்பவன். ஆனால் வெள்ளைச் சட்டை போட்டதால் ஊரே டாக்டர் என்றுதான் கூப்பிடும். அன்றைக்கு அவன் முகமும் சட்டை மாதிரியே வெளுத்திருந்தது.

“அக்கா, உக்காருங்க. அண்ணே, நீங்களும் உக்காருங்க. நீங்க முக்கியமா உக்காருங்க.”

“புழுவா?” என்றாள் லம்துவான்.

“முட்டை இருக்கு.”

லம்துவான் எழுந்து சமையற்கட்டுக்குப் போனாள். உரலைக் கட்டம்போட்ட துண்டில் வைத்து முடிச்சுப் போடும் சத்தம் கேட்டது. சவேங்குக்குப் புரியவில்லை. இருபது கோடி வருஷத்துக் கல்லில் எப்படியடா முட்டை?

“அக்கா இருங்க, நான் முடிக்கல!” தவாட் கத்தினான். “அது ஈரல் புழு முட்டை இல்ல. கொக்கிப்புழு இல்ல. சுவத்துல ஒட்டியிருக்கற படத்துல எதுவுமே இல்ல. தடிச்ச ஓடு, சுருக்கம் சுருக்கமா. அஞ்சு முட்டை பார்த்தேன். மாகாண ஆஸ்பத்திரிக்குப் போட்டோ அனுப்பினேன். அவங்களுக்குத் தெரியல, பாங்காக்குக்கு அனுப்பினாங்க. அங்க ஒருத்தர் சொல்றார், முதலை வயித்துல இந்த மாதிரி ஒண்ணு பார்த்திருக்கேன்னு.”

லம்துவான் கையில் மூட்டையோடு வாசலில் நின்றாள். “முதலையா?”

“அண்ணே, மறைக்காம சொல்லுங்க. முதலை தின்னீங்களா?”

“நான் எங்கடா போவேன் முதலைக்கு!”

“சாம்பிள்ல மணலும் இருக்கு. மண்ணு தின்னற பழக்கம் உண்டா?”

“இல்ல.”

“கறுப்பா ஒரு செதில் இருக்கு. அந்த மாதிரி மீன் இந்த நாட்டுலயே இல்லையாம்.” தவாட் குரலைத் தாழ்த்தினான். “ஒட்டரிசி வேற செரிக்காம முழுசா வந்திருக்கு. அக்கா, அண்ணனுக்குக் குடலே வேலை செய்யலன்னு நெனைக்கறேன்.”

லம்துவான் மூட்டையைக் கீழே வைத்தாள். சமையற்கட்டில் அல்ல, வாசற்படியின் ஓரத்தில். “சாகக் கெடக்கறவனை விட்டுட்டுப் போனா ஊர் என்னைத் துப்பும்” என்றாள். “நீ தேறு. தேறின அன்னிக்குக் கெளம்பறேன்.”

சவேங் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார்கூட. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தார். நோயாளியாக இருக்கும் வரை அவள் இருப்பாள். உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷமே அவர் தேறிவிடுவார். உரலும் படி இறங்கும். திறந்த வாயால் மெதுவாக ஒரு முனகல் மட்டும் விட்டார்.

நோயாளியாக இருப்பது குழி வெட்டுவதைவிடக் கஷ்டம் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. கஞ்சி. மிளகாய் இல்லாத கஞ்சி. காலையில் கஞ்சி, மதியம் கஞ்சி, ராத்திரி கொஞ்சம் கெட்டியான கஞ்சி. உரல் படியோரத்தில் மூட்டைக்குள் கிடந்தது; நாய் அதன்மேல் தலை வைத்துத் தூங்கியது. காலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கி, “சவேங் அண்ணன் நல்லாகணும்னு எல்லாரும் வேண்டிக்குங்க, குட்டைல முதலை இருந்தா யாரும் பிடிச்சுத் தின்னாதீங்க” என்றது. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் துக்கம் விசாரித்தார்கள். மீதிப் பேர் முதலை எப்படி இருந்தது என்று விசாரித்தார்கள்.

“கோழி மாதிரி இருக்குமாமே அண்ணே?”

“நான் தின்னலடா!”

“சரி சரி. வால் பக்கமா, தொடையா?”

கம்மூன் மட்டும் கட்டில் பக்கத்தில் குனிந்து, “சொல்லிருங்க அண்ணே. என் பெண்டாட்டி பிளாரா ஜாடியத் தூக்கிக் குழி தோண்டிப் பொதைக்கப் போறா, முதலைப் புழு தொத்திக்குமாம்” என்றான். சவேங் கண்ணை மூடிக்கொண்டார்.

கஞ்சியின் ஏழாம் நாள் தவாட் மறுபடியும் வந்தான். பாங்காக்கிலிருந்து வண்டி அனுப்புகிறார்களாம். மூன்று பெரிய டாக்டர்கள் காத்திருக்கிறார்களாம். குழாய் விட்டுப் பார்ப்பார்களாம். அதில் தெரியாவிட்டால் கொஞ்சம் கீறிப் பார்ப்பார்களாம்.

“எங்க கீறுவாங்க?” என்றார் சவேங்.

தவாட் தன் தொப்புளிலிருந்து ஒரு கோடு வரைந்து காட்டினான். கொஞ்சம் நீளமான கோடு.

*

அவ்வளவு தூரம் போகிறவனை வெறுமனே அனுப்பக்கூடாது என்று ஊர் முடிவுசெய்தது. பயந்துபோன உடம்பிலிருந்து உயிர் கழன்று எங்கேயாவது திரியும். அதைக் கூப்பிட்டுக் கையில் நூல் கட்டித்தான் அனுப்ப வேண்டும். வண்டி வருகிற அன்று காலை நாற்பத்தேழாம் எண் வீட்டில் பாய் விரித்தார்கள். நடுவில் வாழையிலைக் கோபுரம், சாமந்தி, அவித்த முட்டை, ஒட்டரிசி உருண்டை, வெள்ளை நூல் கற்றை. சவேங் சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். குன்றிலிருந்து ஆசான் பிம்பாவும் வந்திருந்தார். தவாட் ஒரு பெரிய உறையோடு வந்திருந்தான்.

உயிரழைக்கும் பெரியவர் பாவ் கண்ணை மூடிக்கொண்டு ராகமாக ஆரம்பித்தார்.

“சவேங் உயிரே, வா! காட்டுல திரிஞ்சா வா! குட்டையில கெடந்தா கரையேறி வா! முதலை வயித்துக்குள்ள போயிருந்தா, வாய் வழியா வா, வாய் மூடியிருந்தா வேற வழியா வா!”

“வா, உயிரே, வா!” என்றது கூட்டம்.

முட்டையை உரித்துப் பார்த்த பாவ், “நல்லா முழுசா இருக்கு, சகுனம் நல்லது” என்றார். முட்டை என்ற வார்த்தையைக் கேட்டு நாலு பேர் திரும்பிக்கொண்டார்கள்.

ஒவ்வொருவராக வந்து மணிக்கட்டில் நூல் கட்டினார்கள். நூல் முழங்கை வரை ஏறியது. கம்மூன் கட்டும்போது நறுக்கென்று கிள்ளினான். கடைசியில் லம்துவான் வந்தாள். ஊருக்கே ஒலிபெருக்கியில் உத்தரவு போடுகிறவள், நூலை முடிச்சுப் போட முடியாமல் மூன்று தடவை நழுவவிட்டாள்.

“நுய் அப்பா,” என்றாள். “நல்லபடியா திரும்பி வா. கொய் வேணும்னா கூட தின்னுக்க. முதலைதான் வேணும்னா அதையும் தின்னுக்க. நீ இருந்தா போதும். நானே அந்த உரலத் திரும்ப உள்ள வெச்சிடறேன்.”

இதைத் தாங்கிக்கொள்ள சவேங்கால் முடியவில்லை. கீறுவதைக்கூட ஒருவேளை தாங்கியிருப்பார்.

“லம். அது என்னுது இல்ல.”

“எது?”

“டப்பால இருந்தது.”

பாவ் முட்டையைக் கீழே வைத்தார்.

“பின்ன யாரோடது?” என்றாள் லம்துவான்.

சவேங் நூல் கட்டிய கையால் ஆசான் பிம்பாவைக் காட்டினார். கூட்டம் மொத்தமும் ஆசானைப் பார்த்தது. கையில் சோற்று உருண்டையோடு ஆசான் சிவந்துபோனார்.

“ஐயோ, அவங்களோடது இல்ல! அவங்க குழியில கெடச்சது! அந்த முதலையோட சொந்தக்காரனோடது! இருபது கோடி வருஷத்துச் சாணிய வினிகர்ல ஊறவெச்சுக் குடுத்தேன். நான் கொய் தின்னேன் லம். வாரா வாரம். ரெண்டு தடவையும் உண்டு. என்னுதக் குடுக்க பயந்துதான்.”

பின்னாலிருந்து கம்மூன் மெல்ல, “புளி போட்டது நான்” என்றான்.

முதலில் பேசியது பாவ். அவருக்குத் தொழில் கவலை. “அப்ப இவ்வளவு நேரம் நான் யாரோட உயிரைக் கூப்பிட்டேன்?” கதவோரம் உட்கார்ந்திருந்தவர்கள் வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு உள்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அதற்குள் ஆசான் பிம்பா சோற்று உருண்டையைப் போட்டுவிட்டுத் தவாட் கையிலிருந்த உறையைப் பிடுங்கியிருந்தார். போட்டோவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். படித்தவர்கள் குதிப்பதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. பலகைத் தரை அதிர்ந்து முட்டை உருண்டது.

“முட்டை! அந்தப் பிராணிக்குப் புழு இருந்திருக்கு! நான் செதில் மட்டும்தான் தேடினேன், புழுவைத் தேடவே இல்ல! மாமா, என்ன பண்ணீங்க, எத்தனை நாள் ஊறவெச்சீங்க, சொல்லுங்க, எல்லாத்தையும் சொல்லுங்க!”

கம்மூன் சொன்னான். வினிகர், புளி, ஒட்டரிசி, பிளாரா. பிளாரா என்றதும் ஆசானின் குதிப்பு நின்றது. “இதை நான் எப்படி எழுதுவேன்?” என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முட்டை கல்லுடையதா, பிளாராவுடையதா என்று யார் சொல்வது? மீதிப் பாதிக் கல்லைச் சுத்தமாக அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

லம்துவான் சவேங் கையில் தான் கட்டிய நூலை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். படியோரத்து மூட்டையைத் தூக்கினாள். பாங்காக்கிலிருந்து வந்த வண்டி வாசலில் நின்றது. நோயாளி எங்கே என்று கேட்ட டிரைவரிடம், “நோயாளி செத்து இருபது கோடி வருஷமாச்சு, வண்டிய உதோன் பஸ் நிலையத்துக்கு விடு” என்று ஏறி உட்கார்ந்தாள்.

*

பதினாறு நாள். உரல் இல்லாத பதினாறு நாள். சவேங் மிளகாயைக் கல்லில் நசுக்கிப் பார்த்தார், கண்ணில் தெறித்தது. கடையில் இடித்த மிளகாய் வாங்கினார். மரத்தூள் மாதிரி இருந்தது. கம்மூன் குளத்தங்கரையிலிருந்து கூப்பிட்டான். போனார். தட்டில் கொய் பளபளத்தது. ஒரு கவளம் எடுத்தார். அதற்குள்ளிருந்து சுருக்கம் சுருக்கமாக அஞ்சு முட்டை அவரையே பார்ப்பது மாதிரி இருந்தது. வைத்துவிட்டார்.

பதினேழாம் நாள் குன்றில் ஆசான் பிம்பா ஓடிவந்தார். மீதிப் பாதியை அறுத்தாயிற்று. சுத்தமான சில்லு, பிளாரா படாதது. அதே முட்டை, அதே சுருக்கம், அதே தடிச்ச ஓடு. ஆறு முட்டை!

“மாமா, உங்களுக்கு என்ன வேணும் கேளுங்க!”

சவேங் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு யோசித்தார். “அந்தப் பிராணி மீன் தின்னுச்சுன்னு சொன்னீங்களே. பச்சையாவா?”

“பின்ன, அடுப்பா வெச்சிருந்தது?”

“அப்ப அந்த போட்டோவ ஒண்ணு பெருசா அடிச்சுக் குடுங்க. கதவு அளவுக்கு. உதோனுக்கு அனுப்பணும்.”

எழுத்து அவர் தாமதமாகக் கற்றுக்கொண்டது. போட்டோவின் பின்னால் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. *லம். இவனும் பச்சையாத்தான் தின்னான். இருபது கோடி வருஷம் கழிச்சும் மாட்டிக்கிட்டான். போன கோடைப் படத்துல வந்த புழுவ விட இது பெருசு. சவேங்.*

மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸில் லம்துவான் இறங்கினாள். ஒரு கையில் சுருட்டிய போட்டோ, மறு கையில் உரல் மூட்டை. வீட்டுக்கு வந்தவள் மூட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு காலி டப்பாவை எடுத்து நீட்டினாள்.

“உன்னுது. உன் உடம்புலேர்ந்து வந்தது. நான் கதவுக்கு வெளிய நிப்பேன்.”

நின்றாள். பக்கத்து வீட்டுக்காரனும் வேலிக்கு மேலாக நின்றான். தவாட் அன்றைக்கே பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் பறந்துவந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“ஈரல் புழு அக்கா! வெறும் சாதாரண ஈரல் புழு! நம்ம ஊர்ப் புழு! படத்துல இருக்கற அதே முட்டை! மாத்திரை குடுத்தா போயிரும்!”

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். சவேங் தட்டவில்லை. படியோரத்து மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமி முன்னால் சொன்ன பேச்சுப்படி ஒரு முட்டை தெரிந்தாலும் போக வேண்டும்.

லம்துவானும் மூட்டையைப் பார்த்தாள்.

“நான் சாமிகிட்ட சொன்னது அந்த மொத டப்பாவுக்கு” என்றாள் கடைசியில். “அதுல இருந்தது முதலை முட்டை. அதுக்கு உரலோட போனேன், சாமிக்குச் சொன்னபடி ஆச்சு. இந்த டப்பாவுக்கு நான் இன்னும் ஒண்ணும் சொல்லல.” முடிச்சை அவிழ்த்தாள். “இனிமேதான் சொல்லப் போறேன். சும்மா இருக்க மாட்டேன்.”

அன்றைக்கு மதியம் உரல் சத்தம் தெருமுனை வரை கேட்டது. மீன் குழம்புதான். மீனை மூன்று தடவை கொதிக்கவைத்திருந்தாள். எலும்பு எது சதை எது என்று தெரியவில்லை. மாத்திரை போட்டுத் தலைசுற்றிக்கொண்டிருந்த சவேங் ஒட்டரிசியை உருட்டி மிளகாயில் தொட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. காரம்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது சுற்று வட்டாரத்தில் எந்த விகாரையில் திருவிழா நடந்தாலும் ஊஞ்சலுக்கும் பஞ்சுமிட்டாய்க்கும் நடுவில் ஒரு கூடாரம் இருக்கும். உள்ளே கதவு அளவுக்கு முட்டை போட்டோ. அதற்குப் பக்கத்தில் சலவைச் சட்டையோடு, கையில் கல்லெச்சத்தை ஏந்திக்கொண்டு சவேங் நிற்க வேண்டும்; இரண்டாவது டப்பாவுக்கு லம்துவான் சொன்னது அதுதான். கேட்கிறவர்களுக்கெல்லாம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். புளியை விட்டுவிட்டுச் சொன்னால் கம்மூன் கோபித்துக்கொள்வான். வெளியே லம்துவான் கையில் மைக்.

“நோங்கேவ் ஊர்ல நூத்தி எண்பத்தேழு டப்பாவும் வந்தாச்சு! புழு இருந்தவங்க எல்லாரும் மாத்திரை சாப்பிட்டாச்சு! நூத்தி எண்பத்தெட்டாவது டப்பா: பேரு தெரியாது, வீட்டு எண் கெடையாது, வயசு இருபது கோடி. முடிவு: புழு உண்டு. மாத்திரை குடுக்கப் போனோம், ஆள் இல்ல!”